ஃபேண்டம் இந்தியா

ஃபேண்டம் இந்தியா, பிரெஞ்சு இயக்குநர் லூயி மால் (1932–1995) உருவாக்கிய ஏழு பகுதி ஆவணத் தொடர். 1968 ஜனவரியில் தொடங்கி ஏறத்தாழ நான்கு மாதங்கள் இந்தியாவின் பல மாநிலங்களில் படமாக்கப்பட்டு, 1969-ல் பிரெஞ்சுத் தொலைக்காட்சியில் வெளியானது. பிரெஞ்சு மூலத்தில் இதன் பெயர் 'லேந்த் ஃபாந்தோம்'. ஏழு பகுதிகளும் சேர்ந்து ஆறு மணி நேரத்துக்கு மேல் ஓடும். அதே பயணத்தில் எடுத்த காட்சிகளிலிருந்து 'கல்கத்தா' (1969) என்ற தனிப் படமும் உருவானது.

நாட்டின் மொழிகள் எதுவும் தெரியாத ஒரு வெளிநாட்டுக்காரர் இந்தியாவைப் பார்க்க முயன்ற கதைதான் இத்தொடரின் உள்ளடக்கம். கண்ணில் படுவதன் பொருள் தனக்குப் பிடிபடவில்லை என்பதை இயக்குநர் தம் குரலிலேயே பல இடங்களில் ஒப்புக்கொள்கிறார். 1970-ல் பிபிசி இதை ஒளிபரப்பியபோது இந்திய அரசு கடுமையாக எதிர்த்தது. அந்த மோதலின் முடிவில் பிபிசியின் தில்லி அலுவலகம் மூடப்பட்டது.

பின்னணி

லூயி மால் வட பிரான்சின் தூமெரி என்னும் ஊரில், சர்க்கரை ஆலைத் தொழிலில் செல்வம் சேர்த்த குடும்பத்தில் பிறந்தவர். அவருடைய திரைவாழ்வு ஆவணப்படத்தில்தான் தொடங்கியது. கடலாய்வாளர் ஜாக் கூஸ்தோவுடன் இணைந்து இயக்கிய 'மௌன உலகம்' (1956), கான் திரைப்பட விழாவின் உயரிய விருதையும் சிறந்த ஆவணப்படத்துக்கான ஆஸ்கர் விருதையும் பெற்றது. அதன்பின் கதைப்படங்களுக்கு வந்தார். மைல்ஸ் டேவிஸின் இசையுடன் வெளிவந்த 'தூக்குமேடைக்கு மின்தூக்கி' (1958), அதே ஆண்டின் 'காதலர்கள்', ரேமோன் கெனோவின் நாவலைத் தழுவிய 'மெட்ரோவில் ஸாஸி' (1960) ஆகியவை அவரைப் புகழின் உச்சத்துக்குக் கொண்டுசென்றன. பிரிஜித் பார்தோவும் ஜான் மோரோவும் சேர்ந்து நடித்த 'விவா மரியா!' (1965) பெருஞ்செலவில் எடுக்கப்பட்ட வணிகப் படம்.

முப்பத்தைந்தாம் வயதை எட்டிய நேரத்தில் நட்சத்திரங்கள், அரங்குகள், பெரிய படப்பிடிப்புக் குழுக்கள் எல்லாமே அவருக்குச் சலித்துப்போயிருந்தன. அப்போது, 1967-ன் பிற்பகுதியில், பிரெஞ்சு வெளியுறவுத் துறை இந்தியாவில் நடத்திய பிரெஞ்சுத் திரைப்பட வாரத்துக்கு அவரை அனுப்பியது. தில்லி, கல்கத்தா, சென்னை, பம்பாய் ஆகிய நகரங்களில் படங்களை அறிமுகப்படுத்துவது அவருடைய வேலை. அது முடிந்ததும் ஊர் திரும்பாமல் நாட்டைச் சுற்றினார். பிறகு பாரிசுக்குப் போய், சிறிய குழு ஒன்றைத் திரட்டிக்கொண்டு 1968 ஜனவரியில் மீண்டும் வந்து இறங்கினார்.

இந்தியாவைத் தேடி வந்த ஐரோப்பிய இயக்குநர்களில் மால் முதல்வர் அல்லர். ழான் ரெனுவார் வங்காளத்தில் எடுத்த 'நதி' 1951-ல் வெளியானது. 1956 இறுதியில் இந்தியா வந்த இத்தாலியர் ரொபெர்தோ ரொசெல்லினி, 'இந்தியா: மாத்ரு பூமி' (1959) என்ற படத்தையும் தொலைக்காட்சித் தொடர்களையும் தந்தார். பியெர் பாவ்லோ பசோலினி, மால் வந்த அதே பருவத்தில் இங்கே அலைந்து, இந்தியாவில் எடுக்க நினைத்த படமொன்றுக்கான குறிப்புகளையே சிறு ஆவணப்படமாக ஆக்கினார். ரெனுவாரிடம் தழுவுவதற்கு ஒரு நாவல் இருந்தது. ரொசெல்லினியிடம் நேருவின் வளர்ச்சித் திட்டங்கள் தந்த நம்பிக்கையும் அரசின் ஒத்துழைப்பும் இருந்தன. மாலின் கையில் திட்டம் என்று எதுவும் இல்லை. அப்படி வருவதென்றுதான் அவர் முடிவு செய்திருந்தார்.

அவர் வந்த காலமும் குறிப்பிடத்தக்கது. நேரு மறைந்து நான்கு ஆண்டுகள்கூட ஆகவில்லை. 1966–67-ல் பீகாரைத் தாக்கிய வறட்சியால் மேற்கத்தியப் பத்திரிகைகளில் இந்தியா என்றாலே பசி என்றாகியிருந்தது. 1967 தேர்தலில் பல மாநிலங்களில் காங்கிரஸ் ஆட்சியை இழந்தது. இன்னொரு புறம் மேற்கத்திய இளைஞர்கள் ஆன்மிகம் தேடி இங்கே வந்துகொண்டிருந்தார்கள். மாலின் கேமரா சுழன்றுகொண்டிருந்த அதே மாதங்களில்தான் பீட்டில்ஸ் குழுவினர் ரிஷிகேசத்தில் தங்கியிருந்தனர். பட்டினி தேசம், ஞான தேசம் என்று ஐரோப்பாவில் புழங்கிய இரு சித்திரங்களுக்கும் நடுவே நின்றுதான் இத்தொடர் உருவானது.

படப்பிடிப்பு

குழுவில் மூவரே இருந்தனர்: மால், ஒளிப்பதிவாளர் எத்தியேன் பெக்கர், ஒலிப்பதிவாளர் ழான்-குளோத் லோரோ. 16 மி.மீ. வண்ணப்படச் சுருள், தோளில் தூக்கி நடக்கக்கூடிய கேமரா, காட்சியோடு ஒத்திசைந்து பதிவாகும் ஒலி ஆகியவை அவர்களுடைய கருவிகள். 1960-களின் தொடக்கத்தில் பிரான்சில் ழான் ரூஷ் போன்றோர் வளர்த்தெடுத்த நேரடி ஆவணப்பட முறைக்கு இந்தக் கருவிகளே அடிப்படை. விளக்குகளும் கேமரா ஓடும் தண்டவாளங்களும் இல்லாமல், தெருவில் நடப்பதை நடக்கும்போதே அதன் ஒலியுடன் பிடிக்க முடிந்தது.

தினமும் எங்கே போவது, எதைப் படமாக்குவது என்பதைக் குழு அன்றன்றைக்கு முடிவு செய்தது. கண்ணில் பட்டதைப் படமாக்குவது, அது என்ன என்பதைப் பிறகு யோசிப்பது என்பதே வழக்கம். மே மாதத் தொடக்கத்தில் படப்பிடிப்பு முடிந்தபோது ஏறத்தாழ முப்பது மணி நேரப் படச்சுருள் சேர்ந்திருந்தது.

மால் பாரிஸ் திரும்பியபோது நகரம் மாணவர் எழுச்சியில் கொதித்துக்கொண்டிருந்தது. அவ்வாண்டு கான் விழாவின் நடுவர் குழுவில் அவரும் ஓர் உறுப்பினர். போராட்டத்துக்கு ஆதரவாக மோனிகா வித்தி, ரோமன் போலன்ஸ்கி, டெரன்ஸ் யங் ஆகியோருடன் அவரும் விலக, விழா பாதியில் நின்றது. அதன்பின் படத்தொகுப்பாளர் சுசான் பரோனுடன் நீண்ட காலம் அமர்ந்து இந்தியப் படச்சுருள்களுக்கு வடிவம் கொடுத்தார். தொழில்மயமான சமூகத்தின் மீது தொடர் முழுவதும் கேட்கும் அதிருப்தியில், படத்தொகுப்பு நடந்த அந்த நாட்களின் சாயலும் இருக்கிறது.

படமாக்கிய முறை

தொடரின் முதல் பகுதிக்கு 'இயலாத கேமரா' என்று பெயர். படித்த, ஆங்கிலம் பேசும் இந்தியர்கள் நாட்டைப் பற்றிக் கருத்துச் சொல்வதோடு அது தொடங்குகிறது. மக்கள்தொகையில் சிறு விழுக்காட்டினரே இவர்கள், மற்ற எல்லோருக்குமாகப் பேசிக்கொண்டிருக்கிறார்கள் என்று கூறிவிட்டு, மால் அவர்களை விட்டு நகர்ந்துவிடுகிறார். பிறகு கேமரா வயல்வெளிக்கும் சிற்றூர்களுக்கும் போகிறது.

அங்கே உடனே ஒரு சிக்கல். மக்கள் வேலையை நிறுத்திவிட்டுக் கேமராவையே பார்க்கிறார்கள். சிலர் கோபப்படுகிறார்கள். கேமராவைப் பார்க்காதீர்கள் என்று சொல்வது ஆவணப்படக்காரர்களின் வழக்கம். அப்படிச் சொன்னால் அதுவே நாடகமாகிவிடும் என்று மால் கருதினார். அதனால் அந்தப் பார்வைகளை வெட்டாமல் வைத்துக்கொண்டார். படம் பார்ப்பவரை முகங்கள் நேருக்கு நேர் உற்றுப் பார்ப்பது தொடரின் தனி அடையாளமாயிற்று.

செத்த எருமையைக் கழுகுகள் கொத்தித் தின்னும் நீண்ட காட்சி ஒன்றும் இப்பகுதியில் உண்டு. குழுவினருக்கு அது பெரும் சோக நாடகமாகத் தெரிந்தது. கூட இருந்த இந்தியர்களுக்கோ அன்றாட நிகழ்ச்சி. இந்த வேறுபாட்டை மால் மறைக்கவில்லை. படமெடுத்தபோது என்ன நினைத்தோம், பின்னர் அது எப்படிப் பிழையாகப் பட்டது என்று இரண்டையும் அடுத்தடுத்துச் சொல்கிறார். எழுதிவைத்த விளக்கத்தை யாரோ ஒருவர் அதிகாரத் தொனியில் படிப்பதே அந்நாளைய பயண ஆவணப்படங்களின் வழக்கம். மாலின் பின்னணிக் குரல் தயங்குகிறது, தன்னையே மறுக்கிறது, சில இடங்களில் பேச்சை நிறுத்திக்கொண்டு காட்சியை மட்டும் ஓடவிடுகிறது. ஆங்கில வடிவத்திலும் அவரே பேசினார்.

ஏழு பகுதிகள்

முதல் பகுதியை அடுத்து வருவது 'மெட்ராஸில் கண்டவை'. மூன்றாம் பகுதி 'இந்தியர்களும் புனிதமும்'. கோயில்கள், துறவிகள், வழிபாட்டில் தோயும் கூட்டங்கள் இதில் இடம்பெறுகின்றன. பக்தியின் முன் வியப்பு, சமய நிறுவனங்களின் பிடியைக் கண்டு எரிச்சல் என இரண்டுமே இயக்குநரின் குரலில் ஒலிக்கின்றன.

நான்காம் பகுதி 'கனவும் நிஜமும்'. இயற்கை எழிலிலும் காலம் உறைந்துவிட்டது போன்ற உணர்விலும் மயங்கும் பயணி ஒரு பக்கம். வறுமையையும் அரசியலையும் கேள்விக்குட்படுத்தும் இடதுசாரிச் சாய்வுள்ள ஐரோப்பியர் மறுபக்கம். ஒரே மனிதருக்குள் நடக்கும் இந்த இழுபறிதான் பகுதியின் பொருள். ஐந்தாம் பகுதி 'சாதிகளின் மீது ஒரு பார்வை'. சிற்றூர் வாழ்க்கையில் கிணறு, குடியிருப்பு, தொழில் என ஒவ்வொன்றும் சாதிப்படி பிரிந்திருப்பதைக் காட்டும் இப்பகுதி, தொடரிலேயே விளக்கத்துக்கு அதிக இடம் தருவது.

ஆறாம் பகுதி 'இந்தியச் சமூகத்தின் விளிம்பில்'. ஒரிசா மலைகளின் போண்டா பழங்குடியினர், நீலகிரியின் தோடர்கள், கொச்சியின் யூதர்கள், கேரளக் கிறித்தவர்கள், பாண்டிச்சேரி அரவிந்தர் ஆசிரமத்தினர் என்று இந்து சமூக அடுக்குக்கு வெளியே நிற்பவர்களை இது தேடிச் செல்கிறது. போண்டாக்களின் வாழ்வில் மால் காணும் சமத்துவமும் இணக்கமும் அவருடைய ஏக்கத்தையும் சேர்த்தே காட்டிக்கொடுக்கின்றன. பிரெஞ்சுச் சிந்தனையில் ரூசோ காலத்திலிருந்து தொடரும் 'கெடாத மனிதன்' என்ற கனவு அதில் எட்டிப் பார்க்கிறது.

கடைசிப் பகுதி 'பம்பாய்'. ஆலைகளும் அடுக்குமாடிகளும் சேரிகளும் நெருங்கிக் கிடக்கும் தொழில் நகரம் இதன் களம். 1966-ல் தொடங்கப்பட்டு, நகரில் பிழைக்க வந்த தென்னிந்தியர்களுக்கு எதிராக அப்போது முழங்கிக்கொண்டிருந்த சிவசேனையும் இதில் வருகிறது. தேடி வந்த இந்தியா இங்கே இல்லை, ஐரோப்பாவில் தான் விட்டுவந்ததே இங்கும் வளர்கிறது என்ற கசப்போடு தொடர் முடிவை நெருங்குகிறது.

மெட்ராஸ் பகுதி

தமிழ்ப் பார்வையாளர்களுக்கு இரண்டாம் பகுதி தனி முக்கியத்துவம் உடையது. மால் வந்த ஆண்டு தமிழக அரசியலில் திருப்புமுனையான காலம். 1967-ல் திராவிட முன்னேற்றக் கழகம் ஆட்சிக்கு வந்து, அண்ணா முதலமைச்சராகியிருந்தார். 1968 ஜனவரித் தொடக்கத்தில் இரண்டாம் உலகத் தமிழ் மாநாடு சென்னையில் நடந்தது. அதே மாதம் 23-ஆம் தேதி சட்டமன்றம் இருமொழிக் கொள்கைத் தீர்மானத்தை நிறைவேற்றியது.

மயிலாப்பூர் கபாலீசுவரர் கோயில் தேரோட்டம் இப்பகுதியின் பெருங்காட்சி. வடத்தைப் பிடித்து இழுக்கும் ஆயிரக்கணக்கான கைகள், நகர மறுத்து நின்று பிறகு திடீரென்று அசையும் தேர், வீதியை நிறைத்த கூட்டம் ஆகியவற்றைக் கேமரா கூட்டத்துக்குள்ளேயே நின்று நீளமாகப் பதிவு செய்கிறது. உயரத்திலிருந்து விழாவைக் காட்டும் செய்திப்படங்களுக்கும் இதற்கும் உள்ள வேறுபாடு அங்கேதான் தெரியும்.

ஏ. பி. நாகராஜன் இயக்கிக்கொண்டிருந்த 'தில்லானா மோகனாம்பாள்' படப்பிடிப்புத் தளத்துக்கும் குழு சென்றது. கொத்தமங்கலம் சுப்புவின் நாவலை ஒட்டி, சிவாஜி கணேசனும் பத்மினியும் நடித்த இப்படம் 1968 ஜூலையில் வெளிவந்தது. தமிழ் சினிமாவின் வண்ணப்பட யுகத்தில் ஒரு பாட்டுக் காட்சி எப்படி உருவானது என்பதற்கு மாலின் படச்சுருள் அரிய சான்று. அரங்க ஒளியில் பிறக்கும் இந்தச் சினிமாவை அவர் கனவுத் தொழிற்சாலையாகவே பார்க்கிறார். அதற்கும் தேர்வீதிக் கூட்டத்துக்கும் உள்ள உறவை அவர் தொடரவில்லை.

குடும்பக் கட்டுப்பாட்டுக் கண்காட்சி ஒன்றும், சோ ராமசாமியின் அரசியல் நையாண்டி மேடையும் இப்பகுதியில் இடம்பெறுகின்றன. ருக்மிணி தேவி அருண்டேல் 1936-ல் நிறுவிய கலாக்ஷேத்ராவில் மாணவிகள் பரதநாட்டியம் பயிலும் காட்சி, தொடர் முழுவதிலும் இயக்குநரின் மனம் மிக அமைதி கொள்ளும் இடம். அடவுகளை ஒன்றன்பின் ஒன்றாகச் செய்யும் இளம் பெண்களைக் கேமரா விலகாமல் பார்க்கிறது. அங்கே பின்னணிக் குரலுக்கு அதிகம் வேலையில்லை.

சுற்றிலும் எழும் பேச்சு பெரும்பாலும் மொழிபெயர்க்கப்படாமலே விடப்பட்டிருக்கிறது. மாலுக்குத் தெருவின் இரைச்சலாக மட்டும் எட்டியவை தமிழ் தெரிந்தவருக்குக் கூப்பாடாகவும் கேலியாகவும் அதட்டலாகவும் பிரிந்து கேட்கும். இயக்குநரைவிடப் பார்வையாளருக்குக் கூடுதலாகத் தெரியும் இந்த நிலை வேறு ஆவணப்படங்களில் அபூர்வம். அறியாமையை ஒப்புக்கொண்ட படம் என்பதால் இங்கே அது குறையாக உறுத்துவதில்லை.

கல்கத்தா

வங்காளத் தலைநகரில் எடுத்த காட்சிகளை மால் தொடரிலிருந்து பிரித்துத் தனிப் படமாக்கினார். 1967 நவம்பரில் ஐக்கிய முன்னணி அரசு கலைக்கப்பட்டு, நகரம் ஊர்வலங்களிலும் தடியடிகளிலும் அலைக்கழிந்த நேரம் அது. மாணவர் போராட்டங்கள், ஹூக்ளிக்கரை, சேரிகள், தொழுநோயாளர் குடியிருப்பு, அன்னை தெரசாவின் இல்லத்தில் மரணத்தை எதிர்நோக்கிக் கிடப்போர் ஆகிய காட்சிகளை, குதிரைப் பந்தயமும் கால்ஃப் ஆட்டமும் நடக்கும் செல்வர்களின் மைதானங்களுக்கு அருகில் வைத்துக் காட்டுகிறது படம். தொடரோடு ஒப்பிட்டால் பின்னணிக் குரல் மிகக் குறைவு. 1969 கான் விழாவில் 'கல்கத்தா' போட்டிப் பிரிவில் திரையிடப்பட்டது.

பிபிசி சர்ச்சை

பிரான்சில் 1969-ல் ஒளிபரப்பானபோது தொடருக்கு நல்ல வரவேற்பு கிடைத்தது. 1970-ல் பிபிசி ஆங்கில வடிவத்தை ஒளிபரப்பியதும் நிலைமை மாறியது. பிரிட்டனில் வாழ்ந்த இந்தியர்கள் எதிர்ப்புத் தெரிவித்தார்கள். இந்தியத் தூதரகம் ஒளிபரப்பை நிறுத்தக் கோரியது. பிபிசி மறுத்தது. அதன் தில்லி அலுவலகத்தை மூடுமாறு இந்திய அரசு உத்தரவிட்டது. செய்தியாளர்கள் வெளியேற நேர்ந்தது. சுமார் இரண்டு ஆண்டுகளுக்குப் பிறகே பிபிசி தில்லிக்குத் திரும்பியது.

இந்த எதிர்ப்பை வெறும் தொட்டாற்சுருங்கித்தனம் என்று ஒதுக்கிவிட முடியாது. குடியேறியவர்களுக்கு எதிரான பிரிட்டிஷ் அரசியல்வாதி ஈனாக் பவலின் பேர்போன உரை 1968 ஏப்ரலில்தான் பர்மிங்காமில் நிகழ்ந்தது. பிரிட்டிஷ் கடவுச்சீட்டு வைத்திருந்த கென்ய ஆசியர்களின் வருகையைத் தடுக்க அதே ஆண்டில் சட்டம் கொண்டுவரப்பட்டது. ஏற்கெனவே ஏளனத்துக்கு ஆளாகியிருந்த இந்தியக் குடும்பங்களின் வரவேற்பறைக்கும், அவர்களின் அண்டை வீட்டார் கூடத்துக்கும் ஒரே இரவில் அந்தக் காட்சிகள் வந்து சேர்ந்தன. மாலின் தயக்கக் குரல் ஒருபுறம் இருக்க, பார்த்தவர் மனத்தில் எருமையும் கழுகும் சேரியும்தான் தங்கும் என்ற அச்சத்துக்குக் காரணம் இருந்தது.

இதில் ஒரு முரணும் உண்டு. தங்கள் அரசு எதை எதிர்த்து வாதாடுகிறது என்பதை இந்தியாவில் இருந்தவர்கள் பார்க்கவே வழியில்லை. அன்று நாட்டில் தில்லியில் மட்டுமே தொலைக்காட்சி இருந்தது. பம்பாய்க்கு 1972-லும் சென்னைக்கு 1975-லும்தான் அது வந்தது. கேமரா உற்று நோக்கிய மக்கள் இந்த விவாதத்தில் எந்தத் தரப்பிலும் இல்லை.

விமர்சனங்கள்

தொடருக்கு எதிராக முன்வைக்கப்படும் வாதங்களில் முதன்மையானது வறுமைக் காட்சிகளைப் பற்றியது. அதைவிட ஆழமானது வேறொன்று: நகர்ப்புறத்துப் படித்தவர்களை மேற்கின் நகல்கள் என்று மால் முதலிலேயே தள்ளிவைத்துவிட்டார். அவருக்குப் பதில் சொல்லும் மொழி அவர்களிடம்தான் இருந்தது. ஊர்ப்புற மக்களிடம் பேச அவருக்கு மொழி இல்லை. ஆக, 'அசல் இந்தியா' என்று அவர் நினைத்தது பெரும்பாலும் பேசாத இந்தியாவாகவே திரையில் நின்றது. அதற்காகப் பேசியது அவருடைய குரல் ஒன்றே.

தொழில் வளர்ச்சி மீது அவர் காட்டும் வெறுப்பும் கேள்விக்குள்ளாகிறது. பாரிசில் இருந்துகொண்டு இயந்திர நாகரிகத்தைச் சலித்துக்கொள்ள முடியும். மின்சாரமும் மருத்துவமனையும் எட்டாத ஊர்க்காரருக்கு அந்தச் சலிப்பு பொருந்தாது. சாதி ஒடுக்குமுறையைத் தொடர் கண்டிப்பதும், மரபான கிராம வாழ்வின் ஒழுங்கில் அதுவே மனம் நெகிழ்வதும் ஒன்றோடொன்று முட்டுகின்றன.

ஆதரிப்போரின் வாதம் இப்படி அமைகிறது: இந்த முரண்களை எல்லாம் வெளியே தெரியும்படி விட்டுவைத்ததுதான் படத்தின் நேர்மை. வெளிநாட்டுப் பார்வையில் சாய்வு இருப்பதை மற்ற படங்கள் மறைத்தன. இது அதையே பொருளாக எடுத்துக்கொண்டது. இருப்பினும், சாய்வை ஒப்புக்கொள்வதாலேயே அது நீங்கிவிடாது என்பதையும் இத்தொடரே காட்டுகிறது. அடுத்த காட்சியில் மால் மறுபடியும் உறுதியான முடிவொன்றைச் சொல்லிவிடுகிறார்.

பிற்கால வரலாறு

வெளிநாட்டு இயக்குநருக்கும் ஒரு நாட்டின் அரசுக்கும் இடையே இத்தகைய மோதல் விரைவிலேயே சீனாவில் நிகழ்ந்தது. சீன அரசின் அழைப்பின் பேரில் மிகெலாஞ்செலோ அந்தோனியோனி எடுத்த 'சுங் குவோ' (1972) ஆவணப்படத்தை 1974 ஜனவரியில் சீனாவின் 'மக்கள் நாளேடு' கடுமையாகச் சாடியது. அப்படம் பெய்ஜிங்கில் வெளிப்படையாகத் திரையிடப்பட 2004 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. தங்கள் நாட்டின் எந்த முகம் உலகுக்குப் போக வேண்டும் என்பதே இரண்டு மோதல்களிலும் அரசுகளின் கவலை.

மாலின் சொந்தப் பயணத்தில் இந்தியா ஒரு திருப்பம். நான்கு மாத அலைச்சலுக்குப் பிறகு தன் குழந்தைப் பருவத்தையும் தன் வர்க்கத்தையும் நோக்கித் திரும்பிய அவர், 'இதய முணுமுணுப்பு' (1971), நாஜி ஆக்கிரமிப்புக் காலத்தைப் பற்றிய 'லாகோம்ப் லூசியன்' (1974) ஆகியவற்றை எடுத்தார். சிட்ரோயன் கார் ஆலையின் தொழிலாளர்களைப் பார்க்கும் 'மனிதம், மிகை மனிதம்' (1974) இந்தியாவில் கற்ற பொறுமையைத் தன் நாட்டின் மீது திருப்பிய படம். அமெரிக்காவில் குடியேறிய பின், அங்கே வந்து சேர்ந்த பல நாட்டவரைப் பற்றி 'இன்பத்தின் தேடல்' (1986) என்ற ஆவணப்படத்தைத் தந்தார். அப்போது அவரும் குடியேறியவர்களில் ஒருவர்.

நீண்ட காலம் திரைப்படச் சங்கங்களிலும் ஆவணக் காப்பகங்களிலும் மட்டுமே கிடைத்த 'ஃபேண்டம் இந்தியா', 2007-ல் கிரைட்டீரியன் நிறுவனத்தின் எக்லிப்ஸ் வரிசையில் மாலின் பிற ஆவணப்படங்களுடன் குறுந்தகடாக வெளிவந்து புதிய பார்வையாளர்களை அடைந்தது. இன்று தொடரின் தீர்ப்புகளைவிட அதன் பதிவுகளே அதிகம் பயன்படுகின்றன. 1968-ன் மெட்ராஸ் தெருக்கள், பரதநாட்டியப் பயிற்சி முறை, தமிழ்த் திரைப்படத் தளம், தோடர் வாழ்வு ஆகியவற்றைத் தேடும் ஆய்வாளர்களுக்கு, வண்ணத்திலும் நேரடி ஒலியிலும் பதிவான இத்தகைய வேறு மூலங்கள் மிகச் சிலவே.